மலைப்பாதையும் சில்லின் ஓசையும்

மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ரோதை முனி என்னும் காவல் தெய்வத்தை வழிபடும் வழக்கம் உண்டு. ரோதை என்பது சுழலும் சில்லு. கொழுந்தரைக்கும் இயந்திரங்கள் இடையூறின்றி ஓடவும், அவற்றின் அருகே நின்று தொழில் செய்வோருக்கு ஊறு நேராதிருக்கவும் அத்தெய்வம் துணைநிற்கும் என்பது தொழிலாளரின் நம்பிக்கை. சுழலும் சில்லிடத்தில் மனிதன் கொள்ளவேண்டிய அச்சத்தையும் கவனத்தையும் இவ்வழக்கம் நன்கு உணர்த்துகின்றது.

தொழிற்சாலைக்கு வெளியேயும் மலையக வாழ்வு சில்லுகளை நம்பியே நடைபெறுகின்றது. கொழுந்து ஏற்றும் லொறியும், பிள்ளைகளைச் சுமந்து செல்லும் பாடசாலை வானும், நள்ளிரவில் நோயாளியை ஹற்றனுக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டு செல்லும் மோட்டார் வண்டியும் ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமான பாதைகளிலேயே ஓடுகின்றன. அத்தகைய வண்டியின் சில்லிலிருந்து புதியதோர் ஓசை எழுமாயின், அதனைப் பொருட்படுத்தாது விடுவதும் தவறு. காரணம் அறியாது ஒன்றன்பின் ஒன்றாக உறுப்புகளை மாற்றிப் பணத்தை இறைப்பதும் தவறு. நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்தை நாடவேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த முறை. மோட்டார் வண்டிக்கும் அம்முறையே பொருந்தும். இதில் மலைநாட்டுச் சாரதிக்கு ஒரு வசதியும் உண்டு. சமவெளியில் கராஜுக்குக் கொண்டு சென்று ஆராயவேண்டிய பலவற்றை, வளைவும் ஏற்றமும் இறக்கமும் நிறைந்த மலைப்பாதை தானாகவே சோதித்துக் காட்டிவிடுகின்றது. காது கொடுத்துக் கேட்பதொன்றே சாரதியின் வேலை.

முதலில் அறியவேண்டியது, ஓசை இயந்திரத்திலிருந்து வருகின்றதா, சில்லிலிருந்து வருகின்றதா என்பதாகும். சமமான பாதையில் ஒரே வேகத்தில் செல்லும்போது கியரை மட்டும் மாற்றிப் பார்த்தல் வேண்டும். கியர் மாறியதும் ஓசையும் மாறினால் காரணம் பெரும்பாலும் இயந்திரத்தின் பக்கம் உள்ளது. கியர் மாறியும் ஓசை மாறாது, வண்டியின் வேகத்தோடு மட்டும் கூடிக் குறையுமாயின், குற்றம் சில்லிலோ அதனைச் சார்ந்த உறுப்புகளிலோ இருத்தல் கூடும். இச்சோதனைக்காக இறக்கத்தில் கியரை நீக்கி வண்டியை ஓடவிடுதல் ஒருபோதும் தகாது.

அடுத்து, எந்தப் பக்கத்துச் சில்லு என்று காணவேண்டும். மலையைக் குடைந்து அமைத்த பாதையில் ஒரு பக்கத்தில் மண்மேடோ பாறையோ சுவர்போல் எழுந்து நிற்கும். கண்ணாடியை இறக்கிவிட்டு அதன் அருகே மெதுவாகச் செல்லும்போது, அப்பக்கத்துச் சில்லின் ஓசை சுவரில் மோதித் திரும்பித் தெளிவாகக் காதில் விழும். புசல்லாவையிலிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுவோருக்கு இத்தகைய இயற்கைச் சுவர்கள் பல கிடைக்கும்.

சில்லின் ஓசைகளுள் ஒன்றோடொன்று மயங்குவன டயரின் இரைச்சலும் பெயாரிங்கின் முனகலும் ஆகும். பெயாரிங் என்பது சில்லு உராய்வின்றிச் சுழலுதற்குத் துணைசெய்யும் எஃகுக் குண்டுகளையோ உருளைகளையோ கொண்ட உறுப்பு. டயர் சீரற்றுத் தேய்ந்திருந்தால் அதன் இரைச்சல் பாதையின் தன்மைக்கேற்ப மாறும். புதிய தார்வீதியில் அடங்கும், கரடுமுரடான தோட்டப் பாதையில் வேறொரு குரலில் பேசும். பெயாரிங்கின் முனகலோ பாதை மாறினும் பெரிதும் மாறுவதில்லை. ஆனால் வளைவுகளில் அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வண்டி இடப்புறம் திரும்பும்போது அதன் பாரம் வலப்புறச் சில்லுகளின்மேல் சாய்கின்றது. வலப்புறம் திரும்பும்போது இடப்புறத்தின்மேல் சாய்கின்றது. ஆகவே, இடப்புற வளைவில் முனகல் மிகுந்து வலப்புற வளைவில் குறையுமாயின், வலப்புறப் பெயாரிங்கையே முதலில் ஐயுறவேண்டும். கினிகத்தேனையிலிருந்து ஹற்றனுக்கு ஏறும் பாதையில் இச்சோதனையைச் செய்வதற்கு வளைவுகளைத் தேடிச் செல்லவேண்டியதில்லை.

மிகக் குறுகிய வளைவில் வேகம் கொடுத்துத் திரும்பும்போது மட்டும் கடகடவென்று ஒலி எழுமாயின், முன்சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் மூட்டு தேய்ந்திருக்கலாம். கராஜுகளில் இதனைச் சீவி ஜொயின்ற் என்பர். இது முன்சில்லுகள் இழுக்கும் வண்டிகளுக்கு உரிய நோய். 1948 இல் வெளிவந்து இலங்கையில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர் போன்ற, பின்சில்லு உந்தும் பழைய கார்களின் முன்சில்லுகளில் இம்மூட்டு இல்லை. மூட்டை மூடியுள்ள ரப்பர் உறை கிழிந்து, உள்ளிருந்த கிறீஸ் வெளியேறி, சேறும் மணலும் உட்புகுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். உறை கிழிந்தவுடனே கவனித்தால் மூட்டு தப்பிவிடும்.

இனி அதிர்வைப் பற்றி நோக்குதல் தகும். சில்லின் ஓரிடத்தில் மட்டும் எடை சற்றுக் கூடியிருந்தாலும், சுழலும்போது அந்த எடை சில்லை வெளிநோக்கி இழுக்கும். அறுபது சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள சில்லு, வண்டி மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகையில், வினாடிக்கு ஏறத்தாழ பன்னிரண்டு முறை சுழல்கின்றது. அவ்வேளையில் அதன் இரும்பு விளிம்பில் 30 கிராம் எடை மிகுந்திருப்பின், அது ஏறத்தாழ மூன்று கிலோ எடைக்குச் சமமான விசையுடன், ஒவ்வொரு சுற்றிலும் சில்லை உலுக்கும். வேகம் பாதியானால் அவ்விசை நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். முன்சில்லின் குற்றம் சாரதியின் கையிலுள்ள சுக்கானில் நடுக்கமாகவும், பின்சில்லின் குற்றம் இருக்கையில் அதிர்வாகவும் பெரும்பாலும் புலப்படும்.

இக்கணக்கிலிருந்து மலையகத்தார் தெரிந்துகொள்ளவேண்டிய உண்மை ஒன்றுண்டு. எடைச் சமன் கெட்ட சில்லு, மணிக்கு முப்பது நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் ஊர்ந்து செல்லும் மலைப்பாதையில் பெரும்பாலும் வாய்திறப்பதில்லை. கொழும்பை நோக்கி இறங்கி, சமவெளியில் வேகம் கூடிய பின்னரே அது நடுங்கத் தொடங்கும். எனவே, மலைப்பாதையில் மெதுவாகச் செல்லும்போதே வண்டி ஆடுமாயின், அதனைச் சிறிய எடைச் சமன் கோளாறு என்று எண்ணித் தள்ளிவிடலாகாது. சில்லின் நட்டுகள் தளர்ந்திருக்கலாம். டயரின் உட்படை பிரிந்து புடைத்திருக்கலாம். இரும்பு விளிம்பு பள்ளத்தில் மோதி வளைந்திருக்கலாம். சுக்கானைச் சார்ந்த மூட்டுகள் தேய்ந்திருக்கலாம். இவையெல்லாம் சமவெளியிலும் ஆபத்தானவை. பள்ளத்தின் ஓரத்திலோ உயிரோடு விளையாடுபவை. வண்டியை உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பார்த்தல் வேண்டும்.

எனினும் எல்லா அதிர்வும் அச்சத்துக்குரியதன்று. மழைக்காலத்தில் தோட்டப் பாதையின் சேறு சில்லின் உட்புறத்தில் அப்பிக் காய்ந்துவிட்டால், சமவெளியில் அதுவே எடையைச் சமன் குலைக்கும். நன்றாகக் கழுவியதும் நடுக்கம் மறைந்துவிடும். டயரின் பள்ளத்தில் சிக்கிய சிறுகல் டிக் டிக் என்று ஒலிக்கும். பிறேக் தட்டுக்கும் அதன் காப்புத் தகட்டுக்கும் இடையில் அகப்பட்ட கல்லோ காதைக் கிழிக்கும் கீச்சொலியை எழுப்பும். நுவரெலியாவின் பனிமூட்டத்தில் இரவு முழுவதும் நின்ற வண்டியின் பிறேக் தட்டில் மெல்லிய துரு படிந்து, காலையில் முதலிரு முறை பிறேக்கை மிதிக்கும்போது கரகரக்கும், பின்னர் அடங்கிவிடும்.

பிறேக் மிதிக்கும்போது மட்டும் எழும் ஓசையும் அதிர்வும் தனியே ஆராயத்தக்கவை. கூரிய கீச்சொலி, தேய்வுப் பட்டை முடியப்போகின்றது என்னும் முன்னறிவிப்பாக இருக்கலாம். இரும்போடு இரும்பு உராயும் அறுப்பொலி கேட்குமாயின் பட்டை தீர்ந்துவிட்டது என்பதே பெரும்பாலும் பொருள். மிதிபலகை காலின் கீழே துடித்தால் பிறேக் தட்டின் தடிப்பு ஒரே சீராக இல்லாதிருக்கலாம்.

பிறேக்கின் பாரம் எத்தகையது என்பதை ஒரு கணக்கால் உணரலாம். நுவரெலியா கடல்மட்டத்துக்கு 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஒரு தொன் எடையுள்ள வண்டி அங்கிருந்து 1,000 மீற்றர் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால், சாதாரணக் குளிர்நீர் ஏறத்தாழ 29 லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அவ்வளவையும் பிறேக் ஒன்றே தாங்கவேண்டி நேர்ந்தால் பட்டைகள் பிடியிழக்கும். ஈரம் உறிஞ்சிய பழைய பிறேக் எண்ணெய் கொதித்து ஆவியாகி, மிதிபலகை வெறுமையாகத் தாழ்ந்துவிடும். ஆதலினாலேயே, ஏறுவதற்கு வேண்டிய கியரிலேயே இறங்கவேண்டும் என்னும் விதி மலைச்சாரதிகளிடையே போற்றப்படுகின்றது. தானியங்கிக் கியர் வண்டியிலும் எல் அல்லது பி என்று குறித்த நிலை பல வண்டிகளில் இதற்கென்றே உள்ளது. எரிநாற்றம் வீசினால் வண்டியை நிறுத்தித் தானாக ஆறவிடவேண்டும். காய்ந்த இரும்பில் தண்ணீரை ஊற்றினால் அது வெடிக்கக்கூடும்.

2023 ஜனவரி 20 ஆந் திகதி, நானுஓயாவை அடுத்த ரதல்லைக் குறுக்கு வீதியில் பஸ்ஸும் வானும் முச்சக்கர வண்டியும் மோதிக்கொண்டதில் எழுவர் உயிரிழந்தனர். விபத்துக்கான காரணங்கள் இடத்துக்கு இடம் வேறுபடலாம். ஆனால் செங்குத்தான இறக்கம் எந்தப் பிழையையும் மன்னிப்பதில்லை என்பது எங்கும் ஒன்றே.

வண்டியை நிறுத்திச் செய்யக்கூடிய சோதனையும் ஒன்றுண்டு. சமதரையில் நிறுத்தி, ஏனைய சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, ஐயத்துக்குரிய சில்லை ஜாக்கியால் உயர்த்தவேண்டும். சில்லின் மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால் பெயாரிங்கோ பந்து மூட்டோ தேய்ந்திருக்கலாம். முன்சில்லை இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் சுக்கான் தண்டின் மூட்டை நோக்கவேண்டும். கையால் சுழற்றும்போது மணல் அரைபடுவது போன்ற உணர்வு பெயாரிங் கெட்டதற்குச் சான்று. ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் கீழே புகலாகாது. சில்லைக் கழற்றி மாட்டியபின் நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக மாறிமாறி இறுக்கி, ஐம்பது முதல் நூறு கிலோமீற்றர் ஓடியதும் மீண்டும் ஒருமுறை சரிபார்த்தல் நன்று.

கராஜுக்குச் செல்வோர், வண்டி சத்தம் போடுகின்றது என்று மட்டும் கூறினால், திருத்துபவர் இருளில் தேடவேண்டியிருக்கும். எந்த வேகத்தில், எந்தப் பக்கத்து வளைவில், ஏற்றத்திலா இறக்கத்திலா, பிறேக்கை மிதித்தபோதா விட்டபோதா என்று கூறினால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். தேவையற்ற உறுப்புக்குக் கொடுக்கும் பணமும் மிஞ்சும்.

சில்லு எப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றது. மலைப்பாதையில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் சாரதிகள், கிழமையில் ஒரு நாளேனும், வண்டியிலுள்ள வானொலிப் பெட்டியையும் சற்று நேரம் நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, அதன் குரலுக்குச் செவிசாய்ப்பார்களாயின், அந்த அமைதியை எந்த வானொலி நிலையமும் குறையாகக் கொள்ளாது.