எலக்ட்ரானுக்கு ஏன் இக்கட்டு? கரிமப் படிகத்தில் மின்னோட்டம்

“கரிமப் பொருள் மின்சாரத்தைக் கடத்தாது” என்று பலரும் எழுதுறோம். மெழுகுக்கும் சாதாரண பிளாஸ்டிக்குக்கும் அது சரி. எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 1980இலேயே ஒரு கரிமப் படிகம், கடும் அழுத்தத்தில், ஏறக்குறைய 0.9 கெல்வின் குளிரில் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாக மாறியது.

அடுக்கு அமைப்பு

பிஇடிடி-டிடிஎஃப் எனும் கரிம மூலக்கூறை எடுத்துக்குவோம். அதன் உப்புப் படிகம் குவே லாப்பிஸ் மாதிரி: மூலக்கூறு அடுக்கு, எதிர்மின் அயனி அடுக்கு, மறுபடியும் மூலக்கூறு அடுக்கு. அயனி அடுக்கு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே, மின்சாரம் மூலக்கூறு அடுக்கின் வழியே சுலபமாக ஓடும். குறுக்கே தாண்டிப் போவது சிரமம்.

ஏன் நிற்கிறது?

இங்கே மூலக்கூறுகள் ஜோடி ஜோடியாக அமைந்திருக்கும். ஒவ்வொரு ஜோடியும் ஓர் எலக்ட்ரானை அயனி அடுக்குக்குக் கொடுத்துவிடுவதால், துணையில்லாத ஓர் எலக்ட்ரான் மிஞ்சும். அது பக்கத்து ஜோடிக்குத் தாவினால், அங்கேயும் ஓர் எலக்ட்ரான் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். விலக்கு விசை பலமாக இருந்தால் எல்லாம் இருந்த இடத்திலேயே நின்னுடும். இப்படிப்பட்ட பொருளுக்கு மோட் மின்காப்பி என்று பெயர்.

எது இக்கட்டு?

எலக்ட்ரானுக்கு ‘ஸ்பின்’ எனப்படும் தற்சுழற்சி உண்டு. இங்கே அண்டை எலக்ட்ரான்களின் தற்சுழற்சி எதிரெதிராக இருந்தால்தான் ஆற்றல் குறையும். வெண்பலகையில் ஒரு சதுரம் வரைஞ்சு பாருங்க: மேல், கீழ், மேல், கீழ். சிக்கலில்லை. இப்போ முக்கோணம்: முதல் மூலை மேல், இரண்டாவது கீழ், மூன்றாவது? எப்படி நின்னாலும் ஒரு மூலையோடு ஒத்துப்போகாது. இதுதான் இக்கட்டு. ‘விரக்தி’னு எழுதிடாதீங்க, அது மனநிலையைக் குறிக்கும் சொல்.

செம்பு சயனைடு அடுக்கு கொண்ட ஓர் உப்பில் இந்த முக்கோணம் கிட்டத்தட்ட சமபக்கமாக அமையும். 2003இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை 0.032 கெல்வின் வரை குளிர்வித்தும், தற்சுழற்சிகள் ஒழுங்காக அணிவகுக்கவில்லை. அது ‘சுழற்சி நீர்மம்’தானா என்ற விவாதம் இன்னும் தொடர்கிறது. அதே படிகத்தை அழுத்தினால் மூலக்கூறுகள் நெருங்கும். எலக்ட்ரான் தாவுவது எளிதாகும். மின்சாரம் ஓடத் தொடங்கும். ஏறக்குறைய 4 கெல்வினில் மீக்கடத்தியாகவே மாறிவிடும்.

தேர்வுக்கு

மின்சாரத்தை நிறுத்துவது விலக்கு விசை; தற்சுழற்சியின் ஒழுங்கைக் கெடுப்பது இக்கட்டு. “காரணம் யாது?” என்ற வினாவில் இரண்டையும் ஒன்றாக்கி எழுதினால் விடை தவறிவிடும். எதற்கு எது காரணம் என்று முதலில் கோடிட்டுவிட்டு, பிறகு எழுதுங்க.