எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார்?

கட்டடத் தொழிலாளி ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்போது நாங்கள் முதலில் கேட்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. பல நேரங்களில் விடை உடனே வருவதில்லை. உடன் வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு, "வீட்டுப் படியில் வழுக்கி விழுந்துவிட்டார்" என்பார் ஒருவர். அடிபட்டவரின் முழங்கையிலும் தலைமுடியிலும் சிமெண்டு காய்ந்து ஒட்டியிருக்கும்.

அவ்வாறு சொல்பவர்கள் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. வேலை போய்விடுமோ, மேஸ்திரிக்குத் தொல்லை வருமோ, காவல் நிலையத்துக்கு அலைய நேருமோ என்ற அச்சத்தை நாங்கள் அறிவோம். எனினும் அந்த ஒரு வார்த்தையால் நோயாளிக்கு இரு வகையில் கேடு நேர்கிறது.

முதலாவது, சிகிச்சை திசை மாறக்கூடும். சாரத்திலிருந்து காலூன்றி விழுபவருக்குக் குதிகால் எலும்பு நொறுங்குவது வழக்கம். வலி முழுவதும் அங்கேயே இருப்பதால் அவர் காலைத்தான் காட்டுவார். ஆனால் விழுந்த விசை கால் வழியே மேலேறி, இடுப்புக்கு மேலுள்ள முதுகெலும்பையும் நசுக்கியிருக்கலாம். குதிகால் முறிந்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு காணப்படுகிறது. இரண்டாம் மாடி உயரம் என்று தெரிந்தால் மருத்துவர் முதுகையும் படம் எடுத்துப் பார்ப்பார். மண்ணீரலிலோ கல்லீரலிலோ இரத்தக் கசிவு இருக்கிறதா என்று வயிற்றை ஸ்கேன் செய்வார். உள்ளே கசியும் இரத்தம் தொடக்கத்தில் வெளியே தெரிவதில்லை. படியில் வழுக்கியவர் என்றால் அந்த ஐயம் எழுவதற்கே நேரமாகலாம்.

இரண்டாவது, முதல் நாளில் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் எழுதப்படுவது பின்னர் முக்கியமான சான்றாகிறது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. வாரியத்தில் உதவி கோரும்போதும், வேலை கொடுத்தவரிடம் இழப்பீடு கேட்கும்போதும், 'வீட்டில் விழுந்தார்' என்ற வரி குறுக்கே நிற்கும். பிறகு அதை மாற்றுவது எளிதன்று. குடும்பத்தில் எவரேனும் கட்டட வேலைக்குச் செல்வதாயின், வாரிய உறுப்பினர் பதிவு நடப்பில் உள்ளதா என்பதை இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

விழுந்தவரை எப்படித் தூக்குவது என்பதையும் சொல்லியாக வேண்டும். இருவர் தோளில் தாங்கி, ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுவருவதையே பெரும்பாலும் காண்கிறோம். முதுகெலும்பு உடைந்திருந்தால் அந்த மடக்கலே தண்டுவடத்தை நசுக்கிவிடும். விழுந்த இடத்தில் அசைந்த கால், இங்கே வந்து சேரும்போது அசையாமற் போகலாம். அவரை எழுப்பி உட்காரவைக்க வேண்டாம். கிடந்த நிலையிலேயே தலையை இருபுறமும் கைகளால் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுத்தால் மட்டும் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் திரும்புமாறு, உருட்டுக் கட்டையைப் புரட்டுவதுபோல் ஒருக்களிக்கச் செய்யுங்கள். தண்ணீரோ சோடாவோ கொடுக்க வேண்டாம். அறுவை சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுக்கும்போது அது மூச்சுக்குழலுக்குள் போய்விடக்கூடும்.

மின்சாரம் தாக்கியவர் உயரத்திலிருந்து விழுந்திருந்தால் விழுந்ததை மட்டும் சொல்லாதீர்கள். ஒட்டுப்போட்ட ஒயரில் ஓடிய துளையிடும் இயந்திரமா, மாடிக்குக் கம்பி ஏற்றும்போது மேலே செல்லும் மின்கம்பியில் பட்டதா என்று சொன்னால், இதயத் துடிப்பையும் கண்காணிப்போம்.

சிமெண்டின் கதை வேறு. ஈரச் சிமெண்டு சுண்ணாம்பைப் போன்ற கடுங்காரம், அதன் பி.எச். அளவு 12-க்கும் மேல். கான்கிரீட்டில் மண்டியிட்டோ, காலணிக்குள் கலவை புகுந்த நிலையிலோ வேலை செய்பவருக்குத் தொடக்கத்தில் வலியே தெரிவதில்லை. மாலையில் கால் கழுவும்போதுதான் தோல் கறுத்தோ வெந்தோ இருப்பது கண்ணில் படும். கலவை பட்ட உடையைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் மருத்துவமனைக்குப் புறப்படுவதற்கு முன்பே கழுவத் தொடங்குங்கள். இமைகளை விரித்துப் பிடித்து அரை மணி நேரம் சுத்தமான தண்ணீர் விடுங்கள். கண்ணைக் கசக்கக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். இதில் எங்கள் மருந்தைவிட அங்கே இருக்கும் தண்ணீருக்கே மதிப்பு அதிகம்.

பாதுகாப்புச் சாதனங்களைப் பற்றி மேஸ்திரிகளிடம் பேசுவதுதான் முறை; இந்த இதழ் அவர்கள் கைக்குப் போவது அரிது. ஆகவே குடும்பத்தாருக்குச் சில சொற்கள் மட்டும். தலைக்கவசத்தின் வார் தாடையின்கீழ் மாட்டப்படாவிட்டால், விழும்போது தலைக்கு முன்பே அது கழன்றுவிடும். பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியைச் சாரக்கட்டையில் மாட்டினால், சாரம் சரியும்போது ஆளும் சேர்ந்தே சரிவார். உறுதியான தூணிலோ தனிக் கயிற்றிலோ மாட்ட வேண்டும். சும்மாடு வைத்துச் சட்டி சுமக்கும் பெண்களுக்குத் தலைக்கவசம் அணிய வழியே இல்லை. அவர்களை மேலே வேலை நடக்கும் இடத்துக்கு நேர்கீழே நடக்கவிடாமல் தனிப்பாதை அமைப்பதே வழி. இதைச் செய்வதற்குப் பெருஞ்செலவும் ஆகாது.

இறுதியாக, வீடு திரும்பும் நாள். 'எப்போது வேலைக்குப் போகலாம்?' என்று மட்டும் கேட்டால், மருத்துவர் மேசை வேலையை மனத்தில் வைத்து விடை சொல்லக்கூடும். 'எப்போது சாரம் ஏறலாம், எப்போது ஐம்பது கிலோ மூட்டை தூக்கலாம்?' என்று கேளுங்கள். தலைக்காயத்துக்குப் பின் வலிப்பு வந்தவர், மருத்துவர் எழுத்தில் அனுமதி தரும்வரை தரையில் செய்யும் வேலையையே கேட்டுப் பெற வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு காலை உணவின்றி ஏணி ஏறுவதும், இரத்த அழுத்த மாத்திரை மாற்றிய முதல் வாரத்தில் தலைசுற்றலோடு மேலே நிற்பதும் ஆபத்து. இத்தகைய நோய்களை மேஸ்திரியிடம் மறைப்பவர்கள், செய்யும் தொழிலை எங்களிடம் மறைத்துவிடுகிறார்கள். மறுபரிசோதனைக்கு வரும்போது, நோயாளி என்ன வேலை செய்கிறார், எந்த உயரத்தில் செய்கிறார் என்பதைச் சீட்டு எழுதும் செவிலியரிடமே சொல்லிவிடுங்கள்.