குடும்பவழி வரும் மார்பகப் புற்றுநோய்

வரவு செலவையும் கடனையும் பற்றி நம் சங்க அங்கத்தினர்கள் மனம் விட்டுப் பேசுவர். குடும்பத்தில் எவருக்குப் புற்றுநோய் இருந்தது என்று கேட்டால் மட்டும் வாய் திறவார். பெண் கொடுக்கல் வாங்கலுக்கு இடையூறு நேரும் என்ற அச்சமே காரணம். ஆலங்குளம் வட்டாரத்துக் குடும்பங்கள் சிலவற்றிலேனும் இம்மௌனம் இளந்தாய்மாரின் உயிருக்கு உலையாகக் கூடுமாதலின், விஷயத்தை விளக்க விரும்புகிறோம்.

மார்பகப் புற்றுநோய் தொற்றுநோயன்று. பெரும்பாலோர்க்கு அது பரம்பரையாக வருவதுமன்று. நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே பிறவியில் வந்த மரபணுப் பழுது காரணமாகிறது. இவற்றுள் முக்கியமானவை பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்னும் இரு மரபணுக்கள். முன்னது 1994இலும் பின்னது 1995இலும் கண்டறியப்பட்டன. உயிரணுவில் நேரும் சேதத்தைச் செப்பனிடுவது இவற்றின் வேலை.

ஒவ்வொரு மரபணுவும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டாக நம்மிடம் உள்ளது. இரு புரி முறுக்கிய நூலில் ஒரு புரி அறுந்தாலும் மற்றது தாங்கும். பிறக்கும்போதே ஒரு புரி அறுந்திருப்பின், எஞ்சியது அற்றதும் காவல் போய்விடுகிறது. ஆகவேதான் இத்தகையோருக்கு நோய் இளவயதிலேயே வருகிறது. 2017இல் வெளியான பெரியதோர் ஆய்வின்படி, இப்பழுதுடைய பெண்களில் நூற்றுக்குச் சுமார் 70 பேருக்கு 80 வயதிற்குள் மார்பகப் புற்றுநோய் காண்கிறது. சூற்பைப் புற்றுநோய்க்கும் இடமுண்டு. எனினும் பழுதுடைய அனைவருக்கும் நோய் வந்தே தீரும் என்பதில்லை.

தாய்வழியை மட்டும் விசாரிப்பது போதாது. தந்தையும் இப்பழுதை நோயின்றிச் சுமந்து மகளுக்கோ மகனுக்கோ தரலாம். ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. எனவே அப்பத்தாவுக்கும் அத்தைக்கும் வந்த நோயும் கணக்கில் சேரும்.

தம் சகோதரியை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். தென்னிந்தியக் குடும்பங்களிலும் இப்பழுது உண்டென்பதை அங்குள்ள ஆராய்ச்சியாளர் 2003இல் வெளியிட்டனர்.

குடும்பத்தில் எவருக்கேனும் 50 வயதிற்குள் மார்பகப் புற்றுநோயோ, எவ்வயதிலேனும் சூற்பைப் புற்றுநோயோ, ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோயோ வந்திருந்தால் மருத்துவரிடம் கூறுக. கூடுமாயின், நோயுற்றவருக்கே முதலில் இரத்தப் பரிசோதனை செய்வது முறை. அவரிடம் பழுது காணப்பட்டால் உறவினர் தம்மைச் சோதித்துக்கொள்ளலாம். அப்பழுது இல்லாதவர் அந்த அச்சத்தை விடலாம். உள்ளவர்க்கு 25 வயது முதல் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. படமும், 30 வயது முதல் மார்பக எக்ஸ்ரேயும் எடுத்து, நோயைத் தொடக்கத்திலேயே பிடிக்க வழியுண்டு. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை இராசாசி மருத்துவமனையிலோ முதலில் ஆலோசனை கேட்கலாம்.

இப்பழுது எவர் செய்த குற்றமுமன்று, குலத்திற்கு இழுக்குமன்று. நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இரு வழி உறவினரின் நோயையும், அது வந்த வயதையும் ஒரு தாளில் குறித்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மருத்துவர் முதலில் கேட்பது அதனையே.