கண்ணுக்குத் தெரியாத கவசம்

சகோதரியே! வெயிலுக்குப் போகுமுன் பிள்ளைக்குப் பூசும் கிரீமில் என்ன இருக்கிறதென்று பார்த்ததுண்டா?

வெயிலின் கழியூதாக் கதிர்கள் தோற்கலங்களின் டி.என்.ஏ.யைச் சேதப்படுத்துகின்றன. தோல் புற்றுநோய்க்கு இதுவே முக்கிய காரணம். சிங்க் ஒக்சைட், டைட்டேனியம் டயொக்சைட் துணிக்கைகள் அக்கதிர்களை உறிஞ்சிக்கொள்ளும். முன்பெல்லாம் பூசினால் முகம் வெளுத்துத் தெரியும். இன்று அவற்றை மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கிலும் சிறிதாக்கி விட்டதால், பூசியது தெரிவதில்லை. இதுவே நனோ துணிக்கை.

ஒரு சிக்கலுண்டு. வெயில் பட்டால் டைட்டேனியத் துணிக்கையே கலங்களைத் தாக்கும் பொருட்களை உண்டாக்கலாம். அதனாலேயே சிலிக்கா, அலுமினா போன்றவற்றால் அதற்கு உறையிடுகின்றனர்.

காயமில்லாத தோலில் இவை மேற்படையோடு நின்றுவிடும். மூச்சோடு நுரையீரலுக்குள் போகவிடக் கூடாது. ஆகவே ஸ்பிரே வேண்டாம், கிரீமையே வாங்குங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கொரு தடவை பூசுங்கள். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு நிழலே போதும்.