பறிகொடுத்தவரிடம் கேட்கப்பட்ட சம்மதம்

ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திடமிருந்து சுமார் 14.7 கோடி அமெரிக்கர்களின் விவரங்கள் களவுபோன கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 2017 மார்ச்சிலேயே வெளிவந்துவிட்ட ஒரு மென்பொருள் திருத்தத்தைச் சேர்க்காமல் விட்டதால் வந்த வினை அது. அதற்குப் பிறகு அந்த மக்களிடம் நிறுவனம் என்ன கேட்டது என்பதை இந்த வாரம் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் சிபில் செய்யும் வேலையைத்தான் அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் செய்கிறது. யார் எவ்வளவு கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்ற தகவலை வங்கிகளும் கடன் அட்டை நிறுவனங்களும் அதற்குக் கொடுக்கின்றன. பறிகொடுத்தவர்களில் பெரும்பாலோர் தாமாகப் போய் அங்கே கணக்குத் திறந்தவர்கள் அல்லர். அவர்களின் சம்மதத்தை நிறுவனம் நேரடியாகக் கேட்டதே, எல்லாம் போன பிறகுதான்.

2017 செப்டம்பர் 7 அன்று செய்தி வெளியானது. உங்கள் விவரமும் போயிருக்கிறதா என்று பார்க்க நிறுவனம் ஒரு இணையதளம் திறந்தது. அதில் குடும்பப் பெயரையும், சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி ஆறு இலக்கங்களையும் தர வேண்டும். அந்த எண்ணுக்கு மொத்தமே ஒன்பது இலக்கங்கள். காப்பாற்றத் தெரியாதவர்களிடமே மறுபடியும் அதைக் கொடுக்கச் சொன்னார்கள்!

இலவசமாகத் தருவதாகச் சொன்ன கடன் கண்காணிப்புச் சேவையின் நிபந்தனைகளில் இன்னொன்று புதைந்திருந்தது. தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது, நடுவரிடம்தான் போக வேண்டும்; பலர் சேர்ந்து வழக்குப் போடவும் கூடாது. பயந்துபோய் அவசரமாகப் பொத்தானை அழுத்துகிறவரிடம் இப்படி ஒரு சம்மதம் வாங்குவது அநீதி. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எரிக் ஷ்னைடர்மன் இதை ஏற்க முடியாது, இது செல்லாது என்று வெளிப்படையாகக் கண்டித்தார். களவு தொடர்பான வழக்குகளுக்கு அந்த நிபந்தனை பொருந்தாது என்று விளக்கம் சொல்லிப் பார்த்த நிறுவனம், கடைசியில் அதை நீக்கியது.

அந்த வழக்குகளில் 2019 ஜூலையில் சமரசம் ஏற்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கென்று 42.5 கோடி டாலர் வரை. சமரசத்தில் தந்த இலவசக் கண்காணிப்புச் சேவைக்குப் பதிலாக, ஏற்கெனவே அப்படியொரு சேவை வைத்திருப்பவர்கள் 125 டாலர் வரை கேட்கலாம் என்றதும் கூட்டம் குவிந்தது. ஆனால் அந்த வகைக்கு ஒதுக்கியது 3.1 கோடி டாலர்தான்; இரண்டரை லட்சம் பேருக்குக்கூட முழுத் தொகை எட்டாது. சில நாட்களிலேயே அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், பணம் மிகக் குறைவாகத்தான் வரும், சேவையைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. போலி இணையதளங்கள் பற்றியும் அது எச்சரித்தது. இழப்பீடு தேடி வருகிறவரை இரண்டாவது முறையும் கொள்ளையடிக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

இந்தச் சமரசத்தில் பலரும் கவனிக்காத ஒரு விதி உண்டு. 'நான் இதில் சேரவில்லை' என்று குறித்த தேதிக்குள் எழுதித் தராதவர்கள், ஒரு டாலர்கூட கேட்காதவர்கள் உட்பட, ஈக்விஃபாக்ஸ் மீது இதற்காகத் தனியாக வழக்குத் தொடரும் உரிமையை இழந்தார்கள். அங்கே மௌனமே சம்மதமாகிவிட்டது.

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்குப் பக்கத்தில் வரும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. காப்பீடு வாங்கும் பெண்ணிடம், தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் புகார் செய்ய மாட்டேன் என்று சம்மதம் வாங்கினால், அந்தப் பகுதி செல்லாது. இழப்பீட்டுப் படிவம் எதுவானாலும், எந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்கிறது என்பதை முதலில் தேடிப் படியுங்கள். பெயரையும் எண்ணையும் அதன்பிறகு நிரப்பலாம்.