ஜட்சன் நடன அரங்கு

ஜட்சன் நடன அரங்கு என்பது 1962 முதல் 1964 வரை அமெரிக்காவின் நியூயார்க் நகரில் இயங்கிய தற்கால நடனக் குழு ஆகும். அந்நகரின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில், வாஷிங்டன் சதுக்கத்தின் தென்புறம் உள்ள ஜட்சன் நினைவுத் தேவாலயத்தில் இக்குழு தன் நிகழ்ச்சிகளை நடத்தியது. அப்போது பெயர் பெறாதிருந்த இளம் நடன அமைப்பாளர்கள் தாங்கள் உருவாக்கிய புதிய ஆக்கங்களைப் பொதுமக்கள் முன் காட்டுவதற்காகக் கூடிய குழு இது. தனி இயக்குநரோ, சம்பளம் பெறும் நடனக் கலைஞர்களோ இதில் இல்லை. இரண்டே ஆண்டுகள் நீடித்தபோதிலும், மேலைநாட்டு மேடை நடன வரலாற்றில் பின்நவீன நடனம் எனப்படும் போக்கு இங்கிருந்தே தொடங்கியதாகக் கொள்ளப்படுகிறது.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் நவீன நடனம் வளர்ந்தது. மார்த்தா கிரகாம், டோரிஸ் ஹம்ப்ரி முதலியோர் பாலே நடனத்தின் கட்டுப்பாடுகளிலிருந்து விலகி, மனித உணர்ச்சிகளையும் கதைகளையும் வெளிப்படுத்தும் புதிய உடல்மொழியை உருவாக்கினர். நாளடைவில் அதுவும் தனக்கெனக் கட்டுப்பாடுகள் கொண்ட மரபாக மாறியது. நடனம் அமைக்கக் கற்பவர்கள் பழைய இசை வடிவங்களை அடியொற்றி ஆக்கங்களைச் செய்து காட்ட வேண்டும். ஆசிரியர் அவற்றைத் திருத்துவார். எது நல்ல நடனம் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருந்தது.

இதற்கு மாறான வழியை நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்காமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் 1950களில் காட்டினர். நடனத்திற்குக் கதை தேவையில்லை என்றும், இசையும் நடனமும் ஒன்றையொன்று சாராமல் ஒரே நேரத்தில் நிகழலாம் என்றும் அவர்கள் கருதினர். எந்த அசைவுக்குப் பின் எது வரவேண்டும் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யும் தற்செயல் முறையையும் கையாண்டனர்.

ராபர்ட் டன்னின் வகுப்பு

கேஜிடம் பயின்றவரான ராபர்ட் டன், கன்னிங்காமின் நடனக்கூடத்தில் பியானோ வாசித்து வந்தார். அவர் நடனக் கலைஞர் அல்லர், இசைக் கலைஞர். கேஜின் தூண்டுதலால் 1960ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அதே கூடத்தில் நடன அமைப்பு வகுப்பு ஒன்றை அவர் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் ஐந்து பேர் மட்டுமே. இவோன் ரெய்னர், ஸ்டீவ் பாக்ஸ்டன், சிமோன் ஃபோர்ட்டி ஆகியோர் அவர்களுள் அடங்குவர். அடுத்த இரண்டு ஆண்டுகளில் எண்ணிக்கை கூடியது. நடனக் கலைஞர்களுடன் ஓவியர்களும் இசையமைப்பாளர்களும் வந்து சேர்ந்தனர்.

இவ்வகுப்பின் தனித்தன்மை இரண்டு செய்திகளில் இருந்தது.

முதலாவது, பயிற்சிகளின் இயல்பு. குறிப்பிட்ட கால அளவு, எண் வரிசை, தற்செயல் முறை, ஓர் இசைத்துண்டின் கட்டமைப்பு போன்ற ஏதேனும் ஒரு விதியை டன் கொடுப்பார். அவ்விதிக்குள் என்ன செய்வது என்பது மாணவரின் விருப்பம்.

இரண்டாவது, கலந்துரையாடலின் இயல்பு. ஒருவர் தம் ஆக்கத்தைச் செய்து காட்டியபின், அது நன்றாக இருந்ததா இல்லையா என்று தீர்ப்புக் கூறுவது தவிர்க்கப்பட்டது. அது எப்படி உருவாக்கப்பட்டது, எந்த விதி கையாளப்பட்டது, அவ்விதியால் என்ன விளைந்தது என்பவையே பேசப்பட்டன. தோல்வியடையும் அச்சமின்றி முயன்று பார்க்க இம்முறை இடமளித்தது.

மறுப்பும் தேவாலயமும்

புதிய ஆக்கம் எவ்வளவு இருந்தாலும் அதைக் காட்டுவதற்கு மேடை வேண்டும். அக்காலத்தில் நியூயார்க்கில் அரங்கை வாடகைக்கு எடுப்பது இளைஞர்களுக்கு எட்டாத செலவாக இருந்தது. எனவே இளம் நடன அமைப்பாளர்கள் பலர் 92ஆம் தெருவில் உள்ள யூத இளைஞர் சங்கத்தின் அரங்கை நம்பியிருந்தனர். அங்கு ஆண்டுதோறும் நடைபெறும் நிகழ்ச்சியில் இடம்பெற, தேர்வுக் குழுவின் முன் ஆடிக் காட்ட வேண்டும். 1962ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரெய்னர், பாக்ஸ்டன், ரூத் எமர்சன் ஆகிய மூவரும் அத்தேர்வுக்குச் சென்றனர். மூவருமே தேர்ந்தெடுக்கப்படவில்லை.

அதன்பின் அவர்கள் ஜட்சன் நினைவுத் தேவாலயத்தை அணுகினர். பர்மாவில் பணியாற்றிய கிறித்தவ சமயப் பரப்பாளர் அடோனிராம் ஜட்சன் நினைவாக, 1890களில் கட்டி முடிக்கப்பட்ட தேவாலயம் அது. ஹோவர்ட் மூடி அதன் தலைமைப் போதகராக இருந்தார். கலைஞர்களுக்கு இடம் கொடுப்பது தேவாலயத்தின் கடமைகளுள் ஒன்று என்று அங்கிருந்தோர் கருதினர். கலைப்படைப்பின் உள்ளடக்கத்தில் தலையிடுவதில்லை என்ற கொள்கையும் இருந்தது. ஏற்கனவே அங்கு ஓவியக்கூடமும் கவிஞர்களின் நாடக அரங்கும் நடைபெற்று வந்தன. கலைப்பணிகளைக் கவனித்து வந்த துணைப்போதகர் ஆல் கார்மைன்ஸ் இளைஞர்களின் சில ஆக்கங்களைப் பார்த்தபின் வழிபாட்டுக் கூடத்தையே நிகழ்ச்சிக்குத் தர இசைந்தார்.

முதல் நிகழ்ச்சி

1962 சூலை 6ஆம் நாள் மாலை, 'ஒரு நடன நிகழ்ச்சி' என்ற எளிய பெயரில் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. நுழைவுக் கட்டணம் இல்லை. கோடை வெப்பம் மிகுந்த அந்த மாலையில், குளிரூட்டும் வசதி இல்லாத கூடத்தில் ஏறத்தாழ 300 பேர் கூடினர். 14 நடன அமைப்பாளர்களின் 23 ஆக்கங்கள் நிகழ்த்தப்பட்டன. நிகழ்ச்சி சுமார் மூன்று மணி நேரம் நீடித்தது.

பங்கேற்ற பலரும் இளைஞர்கள். பாக்ஸ்டனுக்கு அப்போது வயது 23, ரெய்னருக்கு 27, டெபோரா ஹேக்கு 20. டேவிட் கார்டன், ஃபிரெட் ஹெர்கோ, எலைன் சம்மர்ஸ் ஆகியோரும் தம் ஆக்கங்களை வழங்கினர். ஒருவரின் ஆக்கத்தில் மற்றவர் ஆடினார். தேர்வுக் குழு எதுவும் வைக்கப்படவில்லை.

அன்று நிகழ்த்தப்பட்டவற்றுள் எலைன் சம்மர்சின் 'உடனடித் தற்செயல்' என்ற ஆக்கம் தற்செயல் முறைக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். நடனக் கலைஞர்கள் பகடைகளைப் போன்ற பெரிய, எடையற்ற கட்டைகளை மேலே வீசுவர். விழுந்த கட்டையின் வடிவம், நிறம், எண் ஆகியவற்றைக் கொண்டு எவ்வகை அசைவை, எந்த வேகத்தில், எந்தத் தாளத்தில் செய்வது என்பதை அங்கேயே முடிவு செய்வர். நடனத்தை அமைக்கும் செயல் பார்வையாளரின் கண்முன்னே நடந்தது.

நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஆலன் ஹியூஸ் இந்நிகழ்ச்சியைப் பாராட்டி எழுதினார். வில்லேஜ் வாய்ஸ் வார இதழில் எழுதிய ஜில் ஜான்ஸ்டன் இக்குழுவின் முயற்சிகளைத் தொடர்ந்து மக்களிடம் கொண்டு சென்றார்.

செயல்பட்ட முறை

டன்னின் வகுப்பு முடிந்தபின், 1962 இலையுதிர் காலத்திலிருந்து உறுப்பினர்களே வாரந்தோறும் கூடும் பயிற்சிப் பட்டறையை நடத்தினர். இப்பட்டறை சிறிது காலத்தில் தேவாலயத்திலேயே நடைபெறலாயிற்று. விரும்பிய எவரும் அதில் தம் ஆக்கத்தைக் காட்டலாம். நிகழ்ச்சியில் என்ன இடம்பெற வேண்டும் என்பதைக் கூடிப் பேசி முடிவு செய்தனர். நிகழ்ச்சிகளுக்குத் தனிப்பெயர் இடாமல் வரிசை எண் கொடுப்பது வழக்கமாயிற்று. 1964 வரை 16 எண்ணிட்ட நிகழ்ச்சிகள் நடைபெற்றன. 'ஜட்சன் நடன அரங்கு' என்ற பெயர் 1963ஆம் ஆண்டிலேயே வழக்கிற்கு வந்தது.

இந்தத் திறந்த முறைக்கு விலையும் இருந்தது. நிகழ்ச்சிகள் சீரற்றவையாக இருந்தன. சிறந்த ஆக்கத்தை அடுத்து, முதிராத ஒன்று வரும். தற்செயல் முறையில் அமைந்தவை சில பார்வையாளரைச் சலிப்படையச் செய்தன. எனினும் எது சிறந்தது, எது முதிராதது என்பதைப் பார்வையாளர் தாமே கண்டு முடிவு செய்ய முடிந்தது. 92ஆம் தெருத் தேர்வில் அந்த வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

குறிப்பிடத்தக்க ஆக்கங்கள்

பதிலி (1961): ஸ்டீவ் பாக்ஸ்டன் அமைத்தது. விளையாட்டு வீரர்கள் முதலியோரின் நிழற்படங்களை ஒட்டிய தாளே இதன் நடனக் குறிப்பு. படத்தில் உள்ள நிலையை நடனக் கலைஞர் எடுக்க வேண்டும். ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியும் வேகமும் அவரவர் விருப்பம். நடத்தல், பேரிக்காய் உண்ணுதல், தண்ணீர் குடித்தல் ஆகிய அன்றாடச் செயல்களும் இதில் அடங்கும்.

நாம் ஓடுவோம் (1963): இவோன் ரெய்னர் அமைத்தது. நடனக் கலைஞர்களும் நடனப் பயிற்சி இல்லாதவர்களுமாகப் பன்னிரண்டு பேர் சுமார் ஏழு நிமிடங்கள் ஓடுவர். வேறு எதுவும் செய்வதில்லை. ஆனால் அவர்கள் பிரிவதும் சேர்வதும் திசை மாறுவதும் நுட்பமாகத் திட்டமிடப்பட்டவை. பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோசின் கம்பீரமான இரங்கல் திருப்பலி இசை இதற்குப் பின்னணியாக ஒலித்தது.

பெலிக்கன் (1963): ஓவியர் ராபர்ட் ரௌசன்பெர்க் அமைத்த முதல் நடனம். வாஷிங்டனில் உள்ள சறுக்குத் தளம் ஒன்றில் நிகழ்த்தப்பட்டது. ஆண்கள் இருவர் சக்கரக் காலணி அணிந்து, முதுகில் வான்குடை போன்ற விரிப்புகளைச் சுமந்து சறுக்க, பாலே காலணி அணிந்த கரோலின் பிரௌன் அவர்களிடையே ஆடினார்.

ட்ரியோ ஏ (1966): குழு கலைந்தபின் அதே தேவாலயத்தில் அரங்கேறிய ரெய்னரின் ஆக்கம். சுமார் நான்கரை நிமிடங்கள் நீடிக்கும் இந்நடனத்தில் அசைவுகள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. எந்த அசைவும் மற்றதைவிட அழுத்தம் பெறுவதில்லை. ஆடுபவர் பார்வையாளரின் கண்களைச் சந்திப்பதும் இல்லை. பார்ப்பதற்கு எளிமையாகத் தோன்றினாலும் கற்பதற்குக் கடினமானது.

மேற்கண்டவற்றைக் கொண்டு இக்குழுவினர் பயிற்சி பெறாதவர்கள் என்று எண்ணுவது தவறாகும். பாக்ஸ்டன் அக்காலத்தில் கன்னிங்காம் நடனக் குழுவில் ஆடி வந்தவர். மற்றவர்களுள் பலரும் நவீன நடனமோ பாலேவோ கற்றவர்கள். நடப்பதும் ஓடுவதும் அமர்வதும்கூட நடனத்தின் மூலப்பொருளாக இருக்க முடியுமா என்பதையே அவர்கள் ஆராய்ந்தனர்.

கலைவும் குறைகளும்

1964ஆம் ஆண்டில் வாராந்தரப் பட்டறை நின்றது. முன்னணி உறுப்பினர்கள் தனித்தனி நிகழ்ச்சிகளில் கவனம் செலுத்தத் தொடங்கினர். புகழ்பெற்ற ஓவியர்கள் கலந்துகொண்டதால் பொதுமக்களின் கவனம் அவர்கள் பக்கம் திரும்பியது என்ற வருத்தமும் நடனக் கலைஞர்களிடையே இருந்தது. எவருக்கும் திறந்தது என்று சொல்லப்பட்டாலும், உறுப்பினர்களுள் பெரும்பாலோர் ஒரே நகரின் ஒரே நட்பு வட்டத்தைச் சேர்ந்த வெள்ளையினக் கலைஞர்களே என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். தேர்வுக் குழு இல்லாத இடத்திலும், யாருக்குச் செய்தி போய்ச் சேர்கிறது என்பதே ஒருவகைத் தேர்வாகிவிடும் என்பதை இது காட்டுகிறது.

தாக்கம்

இங்கு தொடங்கிய இளைஞர்கள் பின்னர் வெவ்வேறு வழிகளில் சென்றனர். 1963இல் இங்கு ஆக்கங்களை வழங்கிய திரிஷா பிரௌன் 1970இல் தம் நடனக் குழுவை நிறுவினார். லூசிண்டா சைல்ட்ஸ் 1973இல் தனிக்குழு தொடங்கி, 1976இல் 'கடற்கரையில் ஐன்ஸ்டைன்' என்ற இசை நாடகத்தில் பங்கேற்றார். பாக்ஸ்டன் 1972இல் தொடு நடனம் எனும் முறையை உருவாக்கினார். இருவர் ஒருவர் மீது ஒருவர் எடையைச் சாய்த்து, அத்தொடுகையின் போக்கிலேயே அசைவைக் கண்டுகொள்ளும் இம்முறை இன்று பல நாடுகளில் பயிலப்படுகிறது. ரெய்னர் திரைப்பட இயக்குநராகவும் புகழ்பெற்றார்.

நடன வரலாற்றாசிரியர் சாலி பேன்ஸ் இக்குழுவைப் பற்றி விரிவாக ஆய்வு செய்து 1980களில் நூலாக வெளியிட்டார். 2000ஆம் ஆண்டில் பாலே கலைஞர் மிகைல் பரிஷ்னிகோவ் தம் குழுவின் மூலம் ஜட்சன் ஆக்கங்கள் பலவற்றை மீண்டும் மேடையேற்றினார். 2018 செப்டம்பரில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இக்குழுவைப் பற்றிய பெரிய கண்காட்சியைத் தொடங்கியது.

தேவாலயத்திலும் அந்தப் பணி மீண்டும் தொடங்கியது. 1978இல் நிறுவப்பட்ட மூவ்மென்ட் ரிசர்ச் என்ற நடன அமைப்பு, 1991 முதல் பருவந்தோறும் திங்கட்கிழமை மாலைகளில் ஜட்சன் தேவாலயத்தில் இலவச நிகழ்ச்சிகளை நடத்தத் தொடங்கியது. முடிவடைந்த ஆக்கங்களுக்கு மட்டுமன்றி, இன்னும் உருவாகிக் கொண்டிருப்பவற்றுக்கும் அங்கு இடம் தரப்படுகிறது. கலைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவும் உண்டு. அக்குழுவில் இருப்பவர்கள் சக நடனக் கலைஞர்கள். அவர்களும் ஒரே ஆட்களாக நீடிப்பதில்லை. முறைவைத்து மாறிக்கொண்டே இருக்கின்றனர்.