ஓடி முடித்தபின் என்ன சாப்பிடலாம்?

வண்ணார்பேட்டையில் வசிக்கும் மாணவர் ஒருவர் உடல் எடையைக் குறைக்க விரும்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். அவருடைய எடை 50 கிலோ. மாலையில் பள்ளி விட்டு வந்ததும் புறப்பட்டு, கொக்கிரகுளம் வழியாகத் தாமிரபரணியின் மேலுள்ள சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து, மொத்தம் 4 கிலோ மீட்டர் ஓடித் திரும்புகிறார். நல்ல பசி. வழியில் அல்வாக் கடை மணக்கிறது. ‘இவ்வளவு தூரம் ஓடினோமே, ஒரு துண்டு சாப்பிட்டால் என்ன?’ என்று தோன்றுகிறது. இந்தக் கேள்விக்கு நாம் கணக்குப் போட்டே விடை காணலாம்.

வரவும் செலவும்

உணவின் ஆற்றலைக் கலோரியால் அளக்கிறோம். உணவியலில் கலோரி என்பது, பௌதிகப் பாடத்தில் நீங்கள் படித்த கிலோ கலோரியையே குறிக்கும். அதாவது, 1 கிலோ நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் வெப்பம். 1 கிராம் மாவுச்சத்து சுமார் 4 கலோரியும், 1 கிராம் புரதம் சுமார் 4 கலோரியும், 1 கிராம் கொழுப்பு சுமார் 9 கலோரியும் தருகின்றன. இந்த எண்களை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவியவர் அமெரிக்க வேதியியலறிஞர் ஆட்வாட்டர்.

ஓடும்போது எவ்வளவு செலவாகிறது? எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோ மீட்டர் தூரத்துக்குச் சுமார் 1 கலோரி என்பது எளிய கணக்கு. ஆகவே நம் மாணவர் செலவிட்டது 50 × 4 = 200 கலோரி. இனி அல்வாவைப் பாருங்கள். ஒரு துண்டில் 30 கிராம் சர்க்கரையும் 10 கிராம் நெய்யும் இருப்பதாகக் கொண்டால், 120 + 90 = 210 கலோரி. கோதுமைப் பாலில் உள்ள மாவுச்சத்தை இதில் சேர்க்கவே இல்லை. அரை மணி நேரம் ஓடியதை இரண்டே நிமிடத்தில் ஈடு செய்து விட்டோம்! சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டாலும் கணக்கு பெரிதாக மாறாது. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரையே.

அதற்காக அல்வாவை வெறுக்க வேண்டியதில்லை. விசேஷ நாளில் உண்ணலாம். ஓடியதற்குக் கூலியாகத் தினமும் உண்ணக் கூடாது, அவ்வளவுதான்.

வியர்வை வேறு, கொழுப்பு வேறு

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஓடுவதற்கு முன்னும், ஓடி வந்து வியர்வையைத் துடைத்த பின்னும் எடை பாருங்கள். திருநெல்வேலி வெயிலில் அரை கிலோ வரைகூடக் குறைந்திருக்கலாம். மகிழ்ந்து விடாதீர்கள்! 200 கலோரி முழுவதும் கொழுப்பிலிருந்தே வந்திருந்தாலும், 200 ÷ 9 = 22 கிராம் கொழுப்புதான் செலவாகியிருக்கும். மற்றதெல்லாம் பெரும்பாலும் நீர். தண்ணீர் குடித்ததும் அந்த எடை திரும்பிவிடும், திரும்பத்தான் வேண்டும்.

அந்த 22 கிராம் கொழுப்பு எங்கே போகிறது? ஆக்சிஜனுடன் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறுகிறது. 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால், அதில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சு வழியே வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ நீராகிறது. 2014இல் ஆஸ்திரேலிய அறிஞர்கள் இருவர் இந்தக் கணக்கை வெளியிட்டார்கள். ஆகவே வியர்வை சொட்டுவதற்காகக் கம்பளிச் சட்டை அணிந்து ஓடுவதில் பயனில்லை, ஆபத்தும் உண்டு.

ஓடிய உடல் கேட்பவை மூன்று

முதலாவது, நீரும் சிறிது உப்பும். வீட்டில் கடைந்த நீர்மோரில் உப்பிட்டுக் குடித்தால் இரண்டும் கிடைக்கும்.

இரண்டாவது, மாவுச்சத்து. தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் அது சேமிக்கப்பட்டுள்ளது. 4 கிலோ மீட்டர் ஓட்டத்தில் இந்தச் சேமிப்பில் ஒரு பகுதியே செலவாகும். வழக்கமான உணவே அதை நிரப்பிவிடும்.

மூன்றாவது, புரதம். உடற்பயிற்சியின்போது தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவற்றைச் சீர்ப்படுத்தப் புரதம் வேண்டும். புரதத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: அது நெடுநேரம் பசி தாங்கும். எடை குறைக்க விரும்புவோருக்கு இது பெரிய துணை.

பயிற்சி முடிந்த அரை மணிக்குள் புரதம் உண்ணாவிட்டால் எல்லாம் வீண் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான கட்டுரை ஒன்று, உண்ணும் நேரத்தைவிட நாள் முழுவதும் உண்ணும் புரதத்தின் மொத்த அளவே முக்கியம் என்று காட்டியது. தசையின் சீரமைப்பு வேலை ஒரு நாளுக்கு மேலும் நடக்கிறது. எனவே பதற்றம் வேண்டாம். டப்பாவில் விற்கும் புரதப் பொடியும் வேண்டாம். 1918இல் நம் குன்னூரில் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, இன்று ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும், 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடலை வளர்க்கப் புரதப் பொடி உண்பதைத் தவிர்க்கும்படியே கூறியுள்ளது.

உளுந்தஞ்சோற்றின் அறிவியல்

நெல்லை வீடுகளில் செய்யும் உளுந்தஞ்சோற்றை எடுத்துக் கொள்ளுங்கள். 50 கிராம் அரிசி, வறுத்த தொலி உளுந்து 25 கிராம், பூண்டு, வெந்தயம், சீரகம், சிறிது தேங்காய்த் துருவல், உப்பு. குக்கரில் வைத்தால் அரை மணிக்குள் தயார். இதில் சுமார் 300 கலோரி. புரதம் சுமார் 10 கிராம்.

அளவைவிடத் தரமே இதில் வியப்பானது. புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் 9 அமிலங்களை நம் உடல் தானே உண்டாக்க முடியாது. உணவிலிருந்தே பெற வேண்டும். அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, மெத்தியோனைன் போதிய அளவு உண்டு. உளுந்தில் லைசின் மிகுதி, மெத்தியோனைன் குறைவு. ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. தொட்டுக்கொள்ளும் எள்ளுத் துவையலிலும் மெத்தியோனைன் உண்டு. ஆனால் எள்ளில் பாதி எண்ணெய். ஆகவே துவையல் ஒரு சிறு உருண்டை போதும்.

இதே உளுந்தில் உளுந்தங்களி கிண்டினால் கணக்கு மாறிவிடும். அதில் ஊற்றும் நல்லெண்ணெய் ஒவ்வொரு 15 கிராமுக்கும் 135 கலோரி சேர்க்கிறது, கருப்பட்டி வேறு. உடல் தேற வேண்டியவர்களுக்கு நல்ல உணவு. எடை குறைக்க விரும்புவோருக்குப் பொருத்தமன்று.

இன்னும் சில எளிய உணவுகள்:

பாசிப்பயறுச் சுண்டல்: முதல் நாளே ஊற வைத்த பயறு (உலர்ந்த எடை 50 கிராம்) சுமார் 170 கலோரியும் 12 கிராம் புரதமும் தரும். முளை கட்டினால் வைட்டமின் சி கூடும்.

அவித்த முட்டை 2, வாழைப்பழம் 1: சுமார் 250 கலோரி, 13 கிராம் புரதம். பத்து நிமிட வேலை.

இட்லி 3, பருப்பு மிகுந்த சாம்பார்: அரிசியும் உளுந்தும் சேர்ந்த அதே தத்துவம். ஆவியில் வெந்ததால் எண்ணெய் இல்லை. அதே மாவைத் தோசையாக வார்த்தால் ஊற்றும் எண்ணெயையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒன்றை மறவாதீர்கள். இவை இரவு உணவுக்கு மேல் உண்ணும் தீனி அல்ல. இவையே இரவு உணவு. உடன் கீரையோ காய்கறியோ நிறையச் சேர்த்துக் கொள்ளுங்கள்.

வளரும் வயது

பெரியவர்களைப் போல் நீங்கள் பட்டினி கிடக்கக் கூடாது. எலும்பும் தசையும் இரத்தமும் பெருகும் வயது இது. காலை உணவைத் தவிர்த்துவிட்டு மாலையில் ஓடினால் தலைசுற்றலும் சோர்வும் வரலாம், படிப்பும் கெடும். பல மாணவர்களுக்கு எடையைக் குறைக்கவே தேவையில்லை. எடை ஏறாமல் நின்று, உயரம் கூடினாலே உடல் சரியான அளவுக்கு வந்துவிடும். உங்கள் எடை உண்மையிலேயே அதிகமா என்பதை வகுப்புத் தோழரின் கேலியை வைத்து முடிவு செய்யாதீர்கள். வயது, உயரம் இரண்டையும் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

நாள்தோறும் 60 நிமிடம் ஓடி ஆடுவது உங்கள் வயதினருக்கு நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதை விடாமல் செய்யுங்கள். இந்த வாரம் ஒரு குறிப்பேட்டில் ஓடிய தூரத்தை ஒரு பக்கமும், ஓடியபின் உண்டதை மறுபக்கமும் எழுதி வாருங்கள். ஏழாம் நாள் கூட்டிப் பாருங்கள். உங்கள் உணவில் மாற்ற வேண்டியது எது என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.